எலி டாக்டர் கை கொடுக்க மாட்டார்

அவரை நான் முதன்முதலில் வெறுத்தது மாடிப்படியில் வைத்து. பம்பாயில், செம்பூரில் நாங்கள் இருந்த காலனிக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடிக்கு ஓர் அரிசி மூட்டையைப் பாதி தூக்கியும் பாதி இழுத்தும் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். அவர் பின்னால் ஏறி வந்தார். மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் அம்மாள். கையில் மாதுங்காவில் வாங்கிய காப்பிப்பொடிப் பொட்டலம் மட்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் நான் மூட்டையை இறக்கிவைத்து மூச்சு வாங்கினேன். அவரும் நின்றார். வழி விடு என்றும் சொல்லவில்லை, ஒரு முனையைப் பிடிக்கவும் இல்லை. கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வாசலில் மூட்டையைத் தொப்பென்று போட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நாளைக்குத் தொடை வலிக்கும்," என்றார். "நல்லது."

மறுநாள் வலித்தது. நல்லதாக எனக்குத் தெரியவில்லை.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவருக்குப் பிடிக்காது. கட்டடத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை. கதவுப் பலகையில் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று இருந்ததால், அவர் குடிவந்த புதிதில் காய்ச்சல், இருமல் என்று ஆட்கள் படியேறிப் போனார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "மே சிர்ஃப் சூஹா தேக்தி ஹூம்." எலிக்கு மட்டும்தான் பார்ப்பேன் என்று அர்த்தம். அது பொய்யும் இல்லை. ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஓய்வுபெறும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தது எலிகளின் தசையை. தசைக்குள் இருக்கும் செல்லுக்கு 'வளர்' என்று சொல்வது யார், 'போதும்' என்று சொல்வது யார், அந்தச் சேதி எந்த வழியாகப் போய்ச் சேருகிறது என்பதெல்லாம் அவருடைய வேலை. அன்றிலிருந்து கட்டடம் முழுக்க அவர் சூஹா டாக்டர். எங்கள் அம்மா மட்டும் மரியாதையாக 'மாமி' என்று கூப்பிட்டுப் பார்த்தாள்.

"மாமி வேண்டாம். மாமா கிடையாது," என்றார் அவர்.

அம்மா 'டாக்டரம்மா'வுக்கு மாறினாள்.

கை கொடுக்காதது அவருக்குச் சோம்பலோ கர்வமோ அல்ல, கொள்கை. கீழ்த்தளத்துப் பெரியவரின் ஊன்றுகோல் நழுவி விழுந்தால் எடுத்துத் தர மாட்டார். பெரியவரே குனிந்து எடுக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்ப்பார், எடுத்து நிமிர்ந்ததும் தலையை ஆட்டிவிட்டுப் போவார். மழைநாளில் வழுக்கும் படியில் யாராவது அவருக்குக் கை நீட்டினாலும் இதே கதைதான். நீட்டிய கையை ஒரு முறை பார்த்து, "இது எதுக்கு?" என்பார். நீட்டியவர் மடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கட்டடத்தின் செக்ரட்டரிக்கு ஜிம் பைத்தியம். நாற்பதைத் தாண்டியவர், கை வெட்டிய பனியனோடுதான் மீட்டிங்கே நடத்துவார். தமிழர்தான், ஆனால் மீட்டிங்கில் பேசுவது இந்தி. ஒருநாள் படியில் டாக்டரை மடக்கி, வாளி அளவுக்கு ஒரு டப்பாவைக் காட்டி, இந்தப் புரோட்டீன் பவுடர் நல்லதா என்று கேட்டார். டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"இது செங்கல். நல்ல செங்கல்தான். ஆனா செங்கல் வந்து எறங்கினா வீடு எழும்பிடாது. கட்டுன்னு ஒரு உத்தரவு வரணும். பாரம் தூக்கினாதான் அந்த உத்தரவு வரும். தூக்கறேளா?"

"டெய்லி தூக்கறேன்."

"கண்ணாடியைப் பாத்துண்டா?"

செக்ரட்டரி டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். டாக்டர் தொடர்ந்தார்: "லேபுல ஒரு எலி இருந்தது. பயில்வான்னு பேர் வெச்சிருந்தோம். ஒவ்வொரு தசையும் 'போதும், நிறுத்து'ன்னு சொல்றதுக்குன்னே ஒரு புரதத்தைத் தானே பண்ணி வெச்சுக்கும். அந்த எலிக்கு அதை மட்டும் இல்லாம பண்ணிட்டோம். நிறுத்துன்னு சொல்ல ஆளில்லை, அது பாட்டுக்கு வளந்தது. உங்களை மாதிரியே தோள்."

"அப்புறம்?"

"பாக்க நன்னா இருந்தது. ஓடவிட்டா மத்த எலிக்கு முன்னாடி களைச்சுடும். அத்தனை சதைக்கு ஏத்த பலம் இல்லை."

அடுத்த மீட்டிங்குக்குச் செக்ரட்டரி சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

இதையெல்லாம் நான் வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கள் வீட்டுக்குள் அது வரும்வரை. ஒரு மழைக்காலத்தில் அம்மாவுக்கு நிமோனியா வந்தது. ஐசியூ, பிறகு வார்டு, பிறகு வீட்டில் கட்டில். நுரையீரல் சரியாகிவிட்டது. கால்கள் போய்விட்டன. தாராவியில் பிறந்து, குழாயடியிலிருந்து தலையில் ஒன்று இடுப்பில் ஒன்று என்று குடம் சுமந்து வளர்ந்தவள், கட்டிலில் உட்கார்ந்து தன் தொடையைத் தானே பிடித்துப் பார்த்தாள். "இது என் காலு இல்லட்டீ. வேற யாருதோ," என்றாள்.

பிசியோதெரபி செய்யும் பெண் ஒருத்தி வந்து பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். நல்ல பெண், எல்லாம் சரியாகத்தான் சொன்னாள். அவள் படி இறங்கியதும் நாங்கள் அம்மாவைப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டோம். நான் ஆபீஸ் போகிறவள் என்பதால் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு மாவ்ஷியை அமர்த்தினோம். வேலைக்கு வரும் மராத்திப் பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். மாவ்ஷிக்கு நல்ல உடல்வாகு. அம்மாவை அக்குளில் கைகொடுத்துக் குழந்தையைப் போலத் தூக்கி நிறுத்துவாள்.

தாணேயில் என் அண்ணன் இருக்கிறான். பாசக்காரன். பிரச்சினையே அதுதான். அம்மாவுக்காக ஓர் அறையைத் தயார் செய்துவிட்டான்: கம்பி வைத்த கட்டில், சுவரில் டிவி, ராப்பகலாகப் பக்கத்தில் ஓர் ஆள். "கட்டில விட்டு அவ எறங்கவே வேண்டாம், பாத்துக்கோ," என்று போனில் சொல்லும்போது அவன் குரலில் அவ்வளவு பெருமை. நானும் அம்மாவும் மாறி மாறிக் கெஞ்சியதில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தான். யாரும் பிடிக்காமல் அம்மா தானே எழுந்து கக்கூஸுக்குப் போய்வர முடிந்தால் செம்பூரிலேயே இருக்கலாம். முடியாவிட்டால் கிறிஸ்துமஸ் கழிந்ததும் தாணே. மாவ்ஷி ஒருநாள் வந்தால் ஒருநாள் வராத வீட்டில் அது நியாயமான பேச்சுதான். அன்று சாயங்காலம் அம்மா என்னிடம் சொன்னாள்: "அந்தக் கட்டில்ல ஏறுனா நான் எறங்க மாட்டேன். பெட்டியில வச்சுத்தான் எறக்குவீய."

டாக்டர் நலம் விசாரிக்க வந்தபோது மாவ்ஷி அம்மாவைத் தூக்கிக்கொண்டிருந்தாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முழுவதையும் பார்த்தார்.

"மாவ்ஷிக்கு நல்ல எக்ஸர்சைஸ்," என்றார்.

"என்ன சொல்லுதீங்க?" என்றேன். எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"தூக்கினா யாருக்குச் சேதி போறது? தூக்கறவாளுக்குப் போறது. அவா கை வளரும். உங்கம்மா தொடைக்கு இதுவரைக்கும் ஒரு தகவலும் போகலை."

அவரை நான் வெறுத்தது அது இரண்டாவது முறை. மறுநாள் காலை அவர் தன் வீட்டிலிருந்து ஒரு மர நாற்காலியைத் தானே சுமந்துகொண்டு இறங்கி வந்தார். யாரும் கேட்கவில்லை. அதன்மேல் ஜமக்காளத்தை மடித்து மடித்துப் போட்டு உயரம் ஏற்றினார். அம்மாவை அதில் உட்காரச் சொன்னார், கைகளை மார்புக்குக் குறுக்கே வைத்துக்கொள்ளச் சொன்னார், எழுந்துகொள்ளச் சொன்னார். அம்மா எழவில்லை. டாக்டர் அடுத்த நாளும் வந்தார்.

எதற்காக என்று அம்மா கேட்டபோது சொன்னார்: "சும்மா இருக்கற தசையை உடம்பு வெச்சுக்காது. இங்க பழைய பில்டிங்ல நோட்டீஸ் ஒட்டறா பாருங்கோ, இடிக்கப்போறோம்னு? அதே மாதிரி உடம்பே தசையோட புரதத்து மேல ஒரு சீட்டை ஒட்டிடும். சீட்டு இருக்கறதை எல்லாம் இழுத்துண்டு போய் உடைக்கறதுக்கு உள்ளயே ஆள் இருக்கு."

"அப்ப எனக்கு ரீடெவலப்மெண்டா டாக்டரம்மா?"

"இடிச்சாச்சு. கட்டறதுதான் பாக்கி. பம்பாயில அதுதானே தாமசம்."

அம்மா சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "கட்டச் சொல்லுங்க," என்றாள்.

"நான் சொன்னா அது கேக்காது. கால்ல பாரம் எறங்கினாதான் கேக்கும். அதுலயும் வயசான தசைக்குக் காது மந்தம். சின்னவாளுக்கு ஒரு தரம் சொன்னா போறும். உங்களுக்குச் சத்தமா, திரும்பத் திரும்பச் சொல்லணும். சொல்ற நேரத்துல சாமானும் கையில இருக்கணும். என்ன சாப்பிடறேள்?"

கஞ்சியும் பாலில் நனைத்த ரொட்டியும் என்று கேட்டதும், "இது படுத்துண்டே இருக்கறதுக்குப் பண்ற சாப்பாடு," என்றார். முட்டை, பருப்பு, மீன் என்று வரிசையாகச் சொன்னார். வெங்காயம்கூடச் சில நாள் சேர்க்காத வீட்டில் பிறந்தவர். மீன் நாற்றம் அவருக்கு ஆகாது. ஆனாலும் அம்மா சாப்பிட்டு முடிக்கும்வரை போக மாட்டார். புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, தெருவைப் பார்த்தபடி விசாரிப்பார்.

"ஆச்சா?"

"முள்ளு எடுக்கேன்."

"எடுங்கோ. மெதுவா எடுங்கோ. சதையை விட்டுடாதேங்கோ."

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அம்மா எழ முயலும்போது டாக்டர் நாற்காலிக்குப் பக்கவாட்டில்தான் நிற்பார், கைகள் வழக்கம்போல் முதுகுக்குப் பின்னால். ஆனால் அவருடைய வலது பாதம் நாற்காலியின் பின்காலை அழுத்திப் பிடித்திருக்கும், அது வழுக்கிப் போய்விடாமல். எனக்கு அது கண்ணில் படவே வெகுநாள் ஆயிற்று. பட்ட நாளிலிருந்து அவரை வெறுப்பது எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

அம்மாவுக்கு ஓரளவு முடிய ஆரம்பித்ததும் சோம்பல் வந்தது. எழுங்கோ என்றால் நாளைக்கு என்பாள். டாக்டர் ஒருநாள் அவளுக்கு எதிரே நின்று யோசித்துவிட்டு, "யார் வந்தா நீங்க கட்டாயம் எழுந்துப்பேள்?" என்று கேட்டார்.

அம்மா யோசிக்கவே இல்லை. "அய்யரு வந்தா எந்திச்சிருவேன்."

டாக்டரின் முகம் மாறிவிட்டது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"வேண்டாம்," என்றார். "எதுக்கு எழுந்துக்கணும்? எங்க தாத்தா காலத்துல பண்ணின அக்கிரமமே போறும். நீங்க நடக்காமலே போனாலும் பரவாயில்லை, ஒரு அய்யரைப் பாத்து நீங்க எழுந்துக்க வேண்டாம்."

"அய்யரு வந்தா எப்படி எந்திக்காம இருக்கது? அவிய ஜெபம்லா பண்ணுவாவ," என்றாள் அம்மா.

"ஜெபமா?"

நான்தான் நடுவில் புகுந்து விளக்கினேன். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் நாங்கள். எங்களுக்கு அய்யர் என்றால் சபையின் போதகர். அவர் மனைவி அய்யரம்மா. அய்யரம்மாவைப் பார்க்க வேண்டுமானால் சனிக்கிழமை மீன் மார்க்கெட்டில் பார்க்கலாம். மீன் மார்க்கெட் என்றதும் டாக்டரின் கை புடவைத் தலைப்புக்குப் போனது.

"அந்த அய்யரா," என்றார். "அவர் தினம் வருவாரா?"

தினம் வர மாட்டார், ஆனால் ஜெபம் தினம் உண்டு என்றாள் அம்மா. டாக்டருக்குக் காது விடைத்துக்கொண்டது. ஜெபத்தில் எங்கெங்கே எழுந்து நிற்க வேண்டும் என்று கேட்டார். பாட்டுக்கு நிற்போம், சுவிசேஷம் வாசித்தால் நிற்போம், விசுவாசப்பிரமாணத்துக்கு நிற்போம், கடைசியில் முழங்கால் போடுவோம் என்று அம்மா விவரித்தாள்.

"முழங்காலுமா?" என்றார் டாக்டர். "அது ரொம்ப விசேஷம். அதை அப்புறம் பாத்துக்கலாம். உங்க மதத்தை யாரோ நன்னா யோசிச்சுப் பண்ணியிருக்கா."

"கர்த்தர் பண்ணுனது டாக்டரம்மா."

"இருக்கலாம். உக்காந்து உக்காந்து எழுந்துக்கற மாதிரி பண்ணியிருக்கார்."

ஜெபத்தைத் தேகப்பயிற்சியாக்குவது பாவமோ என்று அம்மாவுக்கு உறுத்தல். அய்யருக்குப் போன் போட்டாள். சுகமில்லாதவர்கள் உட்கார்ந்தே ஜெபிக்கலாம், கர்த்தருக்கு இருதயம்தான் முக்கியம் என்று அவர் அன்பாகச் சொன்னார். அம்மா அதை டாக்டரிடம் ஒப்பித்தாள்.

"கர்த்தர் இருதயத்தைப் பாத்துக்கட்டும்," என்றார் டாக்டர். "தொடையை நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் காலை ஜெபத்தில் அவரும் ஓர் ஆள். கண்ணை மூட மாட்டார், கை கூப்ப மாட்டார், அம்மாவின் முழங்காலையே பார்த்துக்கொண்டு நிற்பார். நீளமான ஒரே பாட்டு வேண்டாம், சின்னச் சின்னதாக நாலைந்து பாடுங்கள், நடுநடுவே உட்காருங்கள் என்று கேட்டுக்கொண்டார். நாளாக ஆக நாற்காலியிலிருந்து ஜமக்காளத்தை ஒவ்வொரு மடிப்பாக உருவினார்.

தாராவியிலிருந்து சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்ததும் வேறொரு தலைவலி வந்தது. எங்கள் சனங்களுக்கு மரியாதை என்றால் எழப்போகிற ஆளைத் தோளில் அமுக்கி உட்காரவைப்பது. "எந்திக்காதீய, எந்திக்காதீய" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருவார்கள். டாக்டர் வாசலில் நின்று அவர்களை நிறுத்தினார். அம்மா எழுந்து வாங்க என்று சொன்ன பிறகுதான் யாரும் உள்ளே வரலாம். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்த என் பெரியம்மா வாசலிலேயே காத்து நின்றாள். அம்மாவுக்கு அன்று கால் தகராறு. வெகுநேரம் கழித்து உள்ளே வந்த பெரியம்மா தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். மறுநாள் தாராவி முழுக்க ஒரே பேச்சு: செம்பூரில் ஒரு பிராமணத்தி நம்மாட்களை வாசப்படிக்கு வெளியே நிறுத்துகிறாளாம்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் அந்த வாசல் குத்தத்தான் செய்தது. அவரிடம் போய் அப்படியே சொன்னேன். குரலையும் தாழ்த்தவில்லை. 

"எனக்கு இது தோணவே இல்லை," என்றார் அவர். "தோணாததுதான் தப்பு."

நான் கெஞ்சிக் கூப்பிட்டதில் பெரியம்மா அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தாள், சண்டைக்குத் தயாராக. உள்ளே அம்மா பக்கத்தில் நின்ற டாக்டர் விறுவிறுவென்று வெளியே போனார். வாசப்படிக்கு அந்தப் பக்கம், செருப்புகளுக்கு நடுவில், பெரியம்மாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"நீங்க ஏன் வெளிய நிக்கிய? உள்ள போங்க," என்றாள் பெரியம்மா.

"அவா இன்னும் எழுந்துக்கலை," என்றார் டாக்டர். "எழுந்தப்புறம் சேர்ந்து போகலாம்."

இரண்டு பேரும் நின்றார்கள். உள்ளே அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஒருமுறை முயன்றாள், பொத்தென்று உட்கார்ந்தாள், மறுபடி முயன்றாள். எழுந்து, "வாங்க" என்றாள். இருவரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். பெரியம்மா அன்று காப்பி குடித்தாள். தாராவிக்குப் போய் அவள் சொன்னது எனக்கும் வந்து சேர்ந்தது: "அந்தம்மா ஒரு மாதிரிதான். ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி."

கிறிஸ்துமஸ் கழிந்தது. அண்ணன் காரோடு வந்தான். மடக்கு வீல்சேர் ஒன்றையும் படியேற்றிக் கொண்டுவந்து சுவரில் சாய்த்துவைத்தான். போவதோ இருப்பதோ, ஜெபம் பண்ணிவிட்டு முடிவு செய்யலாம் என்று அம்மா அய்யரையும் வரச் சொல்லியிருந்தாள். டாக்டரின் யோசனையும் அதுதான்: அய்யர் உள்ளே நுழைவார், அம்மா எழுவாள், அண்ணன் பார்ப்பான். அந்த வாரம் முழுக்க அம்மா ஜமக்காளம் எதுவும் இல்லாமலே எழுந்து, சுவரைத் தொட்டு நாலடி நடந்துகொண்டும் இருந்தாள். நான் நிம்மதியாகக் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன்.

அய்யர் வந்தார். அம்மா கைகளை மார்பில் வைத்து முன்னால் சாய்ந்தாள். அய்யர் பதறிப்போய் ஓடி வந்து அவள் தோளில் கைவைத்தார்.

"எந்திரிக்காதீங்கம்மா. உக்காருங்க, உக்காருங்க."

அம்மா உட்கார்ந்துவிட்டாள். அய்யர் சொல்லித் தட்டிப் பழக்கமில்லாதவள். ஜெபத்துக்கு எல்லாரும் நிற்கலாம் என்ற அய்யர், "அம்மா மட்டும் இருக்கட்டும்" என்று சேர்த்துக்கொண்டார். பிரயாணத்தில் பாதுகாப்பு, புது வீட்டில் சமாதானம் என்று அவர் ஜெபித்துக்கொண்டே போனார். நான் கண்ணைத் திறந்து டாக்டரைப் பார்த்தேன். கைகள் பின்னால், பாதம் நாற்காலிக்காலில்.

ஆமென் சொன்னதும் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "முயற்சி பண்ணிட்டா பாவம். முடியலல்லா," என்று வீல்சேரை விரித்தான்.

"அவளால முடியும்! அய்யரு உக்காரச் சொன்னதாலதான் உக்காந்தா," என்றேன். அண்ணன் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "நீங்களாவது சொல்லுங்க டாக்டர்," என்று கத்தினேன்.

"நான் சொன்னா, நான் சொன்னதா இருக்கும்," என்றார் அவர்.

அம்மா வீல்சேரைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அய்யரைப் பார்த்தாள்.

"அய்யரே," என்றாள், "உங்க பேச்சை நான் ஒருநாளும் தட்டுனதில்ல. இன்னைக்கு ஒருவாட்டி தட்டிக்கிடுதேன்."

எழுந்தாள். பாதியில் உடம்பு ஆடியது. அய்யரின் இரண்டு கைகளும் பாய்ந்து வந்தன.

"தொடாதேங்கோ!" என்றார் டாக்டர்.

அய்யரின் கைகள் ஆசீர்வாதம் கொடுப்பதுபோல் அந்தரத்திலேயே நின்றுவிட்டன. அந்தக் கைகளுக்குக் கீழே அம்மா நிமிர்ந்து நின்றாள். சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து கக்கூஸுக்குள் போய், கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டாள். அது ஒப்பந்தத்தில் இல்லை. அண்ணனுக்கு முகம் வெளிறிவிட்டது. கக்கூஸ் கதவுக்கு வெளியே அண்ணன், அய்யர், டாக்டர், நான், மாவ்ஷி என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அண்ணன் சுவரில் சாய்ந்து விம்மி விம்மி அழுதான். ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மனிதன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன். அய்யர் ஸ்தோத்திரம் என்றார்.

அம்மா வெளியே வந்ததும் டாக்டர், "காலம்பற முட்டை சாப்பிட்டேளா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பினார்.

நான் படிவரை பின்னால் ஓடினேன். நன்றி சொன்னால் பிடிக்காது என்று தெரியும், ஆகவே கேள்வியாகக் கேட்டேன். எங்கம்மாவுக்காக ஏன் இவ்வளவு?

அவர் ஒரு படி ஏறி நின்றார். கைகள் பின்னால் இருந்தன.

"எங்கம்மாவும் இப்படித்தான் ஒருநாள் விழுந்தா. எலும்பு கூடிடுத்து. நான் ஒரே பொண்ணு, ரொம்ப நன்னாப் பாத்துண்டேன். ஒரு டம்ளர்கூடத் தூக்க விடலை. பகல் பூரா லேபுல எலியை ஓட வெப்பேன். சாயங்காலம் மாதுங்காவுக்கு ஆத்துக்கு வந்து அம்மாவைத் தூக்கி உக்கார வெப்பேன், தூக்கிப் படுக்க வெப்பேன். இப்படி ஒரு பொண்ணு யாருக்குக் கிடைக்கும்னு எல்லாரும் சொன்னா. மொதல்ல கால் போச்சு. அப்புறம் அவளே போயிட்டா. வயசாயிடுத்துன்னுதான் நானும் நெனைச்சேன்."

அவர் திரும்பி அடுத்த படியில் கால் வைத்தார். 

"எலியெல்லாம் நன்னா இருந்தது," என்றார்.